விளாவ ஒரு குடம் பச்சைத் தண்ணீர்

ஊதக்காட்டில் மனிதர்களின் கோபம் குழாய் வழியே வெந்நீராக வரத் தொடங்கிய அந்தப் பனிக்காலத்தில், ஆவி பறந்த வீடுகளுக்கு நடுவே செசிலியின் வீட்டுக் குழாயில் மட்டும் பச்சைத் தண்ணீர் வந்தது. அதுவும் சாதாரணப் பச்சைத் தண்ணீர் இல்லை, விரலை நீட்டினால் எலும்புக்குள் ஊசி இறக்குகிற தண்ணீர்.

ஊதக்காட்டுக்கு பஸ் கிடையாது. கடைசி பஸ் திரும்புகிற முக்கிலிருந்து ஜீப் பிடித்து, பூண்டுக் காடுகளையும் உருளைக்கிழங்குக் காடுகளையும் சுற்றிச் சுற்றி ஏறினால், கல் குகை மாதிரிக் கட்டின மாதா கெபிக்குப் பின்னால் மலைக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருக்கிற ஓட்டு வீடுகள்தான் ஊர். மார்கழி பிறந்தால் பூண்டுத் தாள்களின் மேல் உப்புப் பூத்த மாதிரி உறைபனி நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே அறை, அந்த அறையின் மூலையில் வெந்நீர் அடுப்பு, அடுப்பின் மேல் வயிறு கறுத்த தவலை, அடுப்பின் வாயில் எந்நேரமும் ஈர விறகு. அந்த விறகின் புகை கூரைக்கு ஏறி, வழி தெரியாமல் திரும்பி இறங்கி, ஆட்களின் மேல் படுத்துக்கொள்ளும். அந்த ஊரில் யாரும் யாரையும் பார்த்து ஏன் அழுதாய் என்று கேட்பதில்லை, ஏனென்றால் எல்லார் கண்ணும் எப்போதும் சிவந்துதான் இருக்கும்.

செசிலி அந்த ஊர்ப் பெண் இல்லை. கீழே டவுனில் கான்வென்ட் விடுதியில் வளர்ந்து, பூண்டுக்காட்டு இஞ்ஞாசிக்கு வாழ்க்கைப்பட்டு மேலே வந்தவள். பெண்பிள்ளையின் குரல் அடுத்த பெஞ்சுக்குக் கேட்கக் கூடாது என்று சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். கோபம் வந்தால் மாதாவை நினைத்து ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி அதை முழுங்கிவிடு என்றார்கள், அவளும் முழுங்கினாள். அப்பா படிப்பை நிறுத்தியபோது முழுங்கினாள், பார்க்காத மாப்பிள்ளைக்குத் தலையாட்டச் சொன்னபோது முழுங்கினாள், பேறுகாலத்தில் ஜீப் வராமல் இருட்டுப் பாதையில் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனபோது வலியோடு சேர்த்து அதையும் முழுங்கினாள். பிறந்தவள் பெயர் லிடியா. பூண்டுப் பல் மாதிரி வெளுப்பாகச் சின்னதாக இருந்தாள், மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற சத்தம் கேட்டது.

"இழுப்பு," என்றார் டவுன் டாக்டர். "இந்தப் பிள்ளைக்குப் புகை ஆகாது. குளிரும் ஆகாது. தினமும் வெதுவெதுன்னு ஊத்துங்க, சளி இளகும்."

புகை இல்லாமல் ஊதக்காட்டில் எது வெதுவெதுக்கும்? செசிலி வாயைத் திறந்து அதைக் கேட்கவில்லை. தாங்க்யூ டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுப்பை எரித்தால் பிள்ளை இழுத்தது. அணைத்தால் பிள்ளை நீலம் பாரித்தது. பிள்ளையின் மூக்குக்கு முன்னால் விரலை வைத்து வைத்து அவளுக்கு வலது கை சுட்டுவிரல் மட்டும் எப்போதும் ஈரமாகவே இருந்தது.

பக்கத்து வீட்டில் இருந்தவள் இஞ்ஞாசியின் அக்கா புஷ்பம். புஷ்பத்துக்குப் பிறந்த இரண்டும் அந்த அடுப்படியிலேயே இழுத்து இழுத்து அடங்கிப்போய், கெபிக்குப் பின்னால் சின்னச் சின்ன மேடாகக் கிடந்தன. குளிர் கொண்டுபோச்சு என்றது ஊர். புகை என்ற சொல்லை ஒருவரும் எடுத்ததில்லை. எடுத்தால், பிறகு எதை எரிப்பது?

இப்படி இருக்கையில்தான் ஒரு அரசாங்கத் திட்டம் மலை ஏறி வந்தது. வீட்டுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, ஆள் உயரம், நெஞ்சில் ஒரு காற்றாடி. மாட்ட வந்தவர்கள் கூட்டம் கூட்டி விளக்கினார்கள்: "இது கரண்ட்ல தண்ணியக் கொதிக்க வைக்கிற ஹீட்டர் இல்ல. சுத்தி இருக்குற சூட்ட உறிஞ்சி எடுத்துத் தண்ணிக்குக் குடுக்கும். கரண்ட்டு ஒரு பல்பு ரெண்டு பல்பு எரியிற மாதிரிதான். ஆனா ஒண்ணு, வெளியிலதான் இருக்கணும், காத்தாட இருக்கணும். அப்புறம், பழைய அடுப்ப இடிச்சாத்தான் பெட்டி."

"சுத்தி இருக்குறதே பனிதானப்பா, அதுல எங்க சூட்டத் தேடும்?" என்றாள் புஷ்பம்.

"பனியிலயும் கொஞ்சம் சூடு இருக்கும்மா."

"இருந்துட்டா எங்களுக்கும் ரெண்டு கை அள்ளிக் குடு, வாங்கிப் போத்திக்கிறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடியே அடுப்பை இடித்தார்கள். செசிலி மட்டும் சிரிக்காமல், கடப்பாரையை அவளே வாங்கி, கறுத்த மண்ணைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து வெளியே கொட்டினாள்.

பெட்டிகளை வீட்டுக்கு வெளியே, காற்றாட நிறுத்திவிட்டு ஜீப் இறங்கிப் போயிற்று. வளைவில் அதன் சத்தம் மறைந்ததும் ஊர்க்காரர்களுக்கு மனசு கேட்கவில்லை. ஊதக்காட்டில் புது வரவை முதல் ராத்திரி வெளியே நிறுத்துகிற வழக்கம் இல்லை. சந்தையில் பிடித்துவந்த கன்றானாலும், புது மண்வெட்டியானாலும், மருமகளானாலும் முதல் ராத்திரி அடுப்படியில்தான். செசிலியே தன் முதல் ராத்திரியை ஒரு வெள்ளாட்டுக்கும் புது வாளிக்கும் நடுவில் உட்கார்ந்து கழித்தவள். அப்படியிருக்க, பச்சைப்பிள்ளை மாதிரி வெள்ளையாக நிற்கிற பெட்டியைப் பனியில் விட்டுவிட்டு யாருக்குத் தூக்கம் வரும்? ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுவந்து, இடித்த அடுப்பு இருந்த மூலையில் நிறுத்தி, ஹோஸ் பைப்பை நீட்டிக் கட்டி, கம்பளி போர்த்தி, நெற்றியில் சிலுவை வரைந்தார்கள். முதல் ராத்திரி கழிந்த பிறகும் யாருக்கும் அதை வெளியே தள்ளத் தோன்றவில்லை.

முதலில் சுட்டது புஷ்பத்தின் பெட்டி. அவள் புருஷன் மிக்கேல் முட்டையிடுகிற கோழியைச் சொல்லாமல் கொள்ளாமல் விற்றுவிட்டு வந்திருந்தான். புஷ்பம் பெட்டிக்கு முன்னால் நின்று அவன் பிறந்த வழியிலிருந்து ஆரம்பித்து அவன் போகப்போகிற வழி வரைக்கும் திட்டிக்கொண்டிருந்தபோது, கம்பளிக்குள் காற்றாடி சுழல, பெட்டி தேனீக்கூடு மாதிரி ரீங்கரித்தது, குழாயைத் திறந்தால் ஆவி. அதே நேரம் புஷ்பத்துக்கு உடம்பு சில்லிட்டது, எதற்குத் திட்டிக்கொண்டிருந்தோம் என்று தெரியாமல், பல் கிட்டிக்க, "ஏங்க, குளிக்கிறீங்களா?" என்று கேட்டாள். மிக்கேல் அதற்குத்தான் அதிகம் பயந்தான்.

பெட்டி தன் வேலையைத்தான் செய்தது. சுற்றி இருக்கிற சூட்டை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பூட்டிய அறையில், பனிக்காலத்தில், இருந்த சூடு அவள் கோபம் ஒன்றுதான். ஊரில் யாரும் இதற்கு வாயைப் பிளக்கவில்லை. வெளியே வைக்கச் சொன்னதன் காரணம் இப்போதுதான் புரிகிறது, வெளியே வைத்திருந்தால் இத்தனையும் வீணாகப் போயிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஊர் அதைப் பழகிய விதம் இருக்கிறதே! புருஷன் பெண்டாட்டி சண்டை சீக்கிரம் காயும், சீக்கிரம் ஆறும் என்று கண்டார்கள். பிள்ளைகள் மேல் வருகிற கோபம் கால் அலம்பத்தான் காணும். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளின் கோபம் மெதுவாகக் காய்ந்து குடும்பம் முழுக்கக் குளித்த பிறகும் மிஞ்சி, பாத்திரம் கழுவவும் ஆயிற்று. செத்துப்போனவர்கள் மேல் இருக்கிற கோபம் ஒருபோதும் கொதிப்பதில்லை, ஆனால் விடியும்வரை வெதுவெதுப்பு மாறாது. விதவைகள் வீட்டில் எப்போது போனாலும் கை கழுவ இதமாகத் தண்ணீர் கிடைத்தது. கோபம் வராத நாளில் வாசலில் நின்று கூப்பிட்டார்கள்: "யக்கா, சும்மாதான இருக்க? வந்து எங்க வீட்டு ஆள ரெண்டு வார்த்த கேட்டுட்டுப் போயேன், மேலுக்கு ஊத்திட்டு சந்தைக்குப் போகணும்."

கோபம் தலையான பாவங்களில் ஒன்றாயிற்றே, அதில் குளிக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். கோவிலைக் கவனித்துக்கொண்ட உபதேசியார் சந்தியாகு, பங்குச் சாமியார் அடுத்த முறை மேலே வரும்போது கேட்டுச் சொல்கிறேன் என்றார்; அதற்குள் தானும் ஒரு தடவை குளித்துப் பார்த்து, "மனசுல வெச்சிருந்தாத்தான் பாவம். குழாயில விட்டுட்டா இல்ல," என்று தீர்த்துவிட்டார். புகை இல்லாத வீடுகளில் கூரை ஓட்டுக்கு அடியில் மரச்சட்டம் இருப்பது தெரிந்தது. கண்கள் வெளுத்தன. யாராவது அழுதால் இப்போது அது அழுகை என்று தெரிந்தது.

செசிலியின் பெட்டி மட்டும் பேசாமல் நின்றது. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து கோபப்பட முயன்று பார்த்தாள். கண்ணை மூடி, முகத்தைச் சுளித்து, கெட்ட வார்த்தை ஒன்றைத் தேடினாள். வாயில் அருள்நிறை மந்திரம்தான் வந்தது. அவளிடம் இருந்ததெல்லாம் பயம். பயத்துக்குச் சூடு கிடையாது. பெட்டி அதை உறிஞ்சி உறிஞ்சி, தண்ணீரை இன்னும் குளிர வைத்தது.

"நகரு, நான் காய வைக்கிறேன்," என்று புஷ்பம் ஒருநாள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். "என்ன பொம்பள நீ? உப்பு போட்டுத்தான திங்கிற? பிள்ள நெஞ்சு அடைக்குது, உனக்கு ஒரு கோவம் வராதாடி? கல்லா நீ? கீழ அந்தப் பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக்குடுத்தாங்களா, இல்ல காயடிச்சு அனுப்பினாங்களா?"

பெட்டி மெல்ல ரீங்கரித்தது. குழாய் நடுங்கிற்று. செசிலி கண்ணில் நீர் கட்ட, "மன்னிச்சுக்குங்க மதினி," என்றாள். ரீங்காரம் அறுந்தது.

"போச்சு," என்றாள் புஷ்பம். "உங்கிட்ட எவளும் ரெண்டாவது வார்த்த திட்ட முடியாது."

அதனால் செசிலி புஷ்பத்தின் வீட்டிலிருந்து வாளியில் வெந்நீர் வாங்கி வந்தாள். இரண்டு வாசலுக்கு நடுவில் ஊதல் காற்று அதில் பாதிச் சூட்டை நக்கிக்கொண்டது. மிச்சத்தில், காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்தி, கைக்குள் பொத்திப் பொத்தி ஊற்றினாள். ஊற்றிய அன்று லிடியா உறங்கினாள், ஊற்றாத அன்று பூனைக்குட்டி கத்திற்று. விறகடுப்பு மட்டும் திரும்பக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் கேட்ட வரம்.

தை பிறந்தபோது ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. ஆட்கள் இருந்தார்கள்; கோபம்தான் தீர்ந்துபோயிருந்தது. பங்காளிகள் கட்டிப்பிடித்துக்கொண்டு, வரப்பை நீ எடுத்துக்கொள், இல்லை நீ எடுத்துக்கொள் என்று நின்றார்கள். மிக்கேல் மறுபடியும் ஒரு கோழியை விற்றான். புஷ்பம் அவனைப் பார்த்து, "அதுக்கும் ஊர் பாக்க ஆசை இருக்கும்ல," என்றாள். பூண்டு வாங்க வந்த வியாபாரி தராசைக் காலால் அழுத்துவதைப் பார்த்துக்கொண்டே, அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தார்கள். குழாய்களில் தண்ணீர் வெதுவெதுத்து, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. "பழையபடி அடுப்பக் கட்டிருவமா?" என்று இஞ்ஞாசி சிரித்த முகத்தோடு கேட்டபோது செசிலி பிள்ளையின் மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தாள்.

அந்த வாரத்தில்தான் பெட்டித் திட்டத்தின் மேற்பார்வையாளர் ஜீப்பில் வந்தார், பின்னால் லாரியோடு. மப்ளரால் காதை மூடியிருந்தார். முதல் வீட்டில் தலையை நுழைத்து, கம்பளி போர்த்திய பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யோவ், வெளிய வைக்கச் சொன்னத உள்ள வெச்சு, சட்டை மாட்டி, சிலுவை போட்டு வெச்சிருக்கீங்களே! இது என்ன மிஷினா, சாமியா? உங்களுக்கெல்லாம் எவன்யா இதக் குடுத்தான்? எடுங்கடா எல்லாத்தையும். புரிஞ்சு வெச்சுக்கிற ஊருக்குக் கொண்டுபோவோம்."

ஊர் அவரைப் பாசத்தோடு பார்த்தது.

"எடுத்துக்குங்க சார்," என்றார் உபதேசியார். "குளிருல வந்திருக்கீங்க, காபி சாப்பிடுங்க."

பெட்டிகளை அவிழ்க்க வந்த ஆட்களுக்கு ஊர்க்காரர்களே ஸ்பேனர் பிடித்தார்கள். பங்காளிகள் ஆளுக்கு ஒரு முனை தூக்கி லாரியில் ஏற்றினார்கள். பெட்டிக்கு அடிபடாமல் இருக்க வைக்கோல் வைத்தாள் ஒருத்தி. புஷ்பம் தன் வீட்டுப் பெட்டியைத் தட்டிக்கொடுத்து வழியனுப்பினாள். செசிலி தன் வாசலில் பிள்ளையோடு நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், யாராவது ஒருத்தர் ஒரு சத்தம் போடமாட்டார்களா என்று. எல்லா முகமும் அலம்பிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. இஞ்ஞாசியே முன்னால் நடந்து வழி காட்டி அவர்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தான்.

"இதான் சார் நம்ம வீடு. பாத்து, தல இடிக்கும்."

ஆட்கள் பெட்டியைச் சாய்த்தார்கள். மேற்பார்வையாளர் குழாயைத் திறந்து விரலை வைத்து உதறினார். "இது ஏற்கெனவே செத்துப்போச்சு போல."

"சார்," என்றாள் செசிலி. அடுத்த பெஞ்சுக்குக் கேட்காத குரல். "பிள்ளைக்கு இழுப்பு சார். புகை ஆகாதுன்னு டாக்டர்..."

அவர் திரும்பி லிடியாவைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, கன்னத்தைக்கூட ஒரு விரலால் தட்டினார். "அட போம்மா. உங்க ஆளுங்க காலங்காலமா புகையிலதான பிள்ள வளத்தாங்க? என்ன கொறஞ்சு போச்சு?"

செசிலி வழக்கம்போல மந்திரத்தை ஆரம்பித்தாள். முழுங்கப் போனாள். தொண்டைக்குக் கீழே இடம் இல்லை. அங்கே படிப்பு இருந்தது, இருட்டில் கட்டில் போன பாதை இருந்தது, தாங்க்யூ டாக்டர் இருந்தது, ஒன்றின் மேல் ஒன்றாகக் கூரை முட்ட அடுக்கின விறகு மாதிரி எல்லாம் காய்ந்து இருந்தது, அதில் எங்கேயோ பற்றிக்கொண்டது.

"இறக்கி வைங்க."

"என்னம்மா?"

"இறக்கி வைங்கன்னேன்." அடுத்த பெஞ்சைத் தாண்டி, அடுத்த வீட்டைத் தாண்டி, அது கெபி வரைக்கும் போயிற்று. "என்ன கொறஞ்சதுன்னா கேட்டீங்க? இந்தா நிக்கிறாங்க எங்க மதினி. அவங்ககிட்டக் கேளுங்க. மதினி, கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, கெபிக்குப் பின்னால ரெண்டு பேரு படுத்திருக்காங்கல்ல, என்ன கொறஞ்சதுன்னு அங்க காட்டுங்க. குளிரு கொண்டுபோகல மதினி. புகை கொண்டுபோச்சு. எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சே இருக்குற கோவத்தக் கோழிக்கும் வரப்புக்கும் செலவழிச்சுட்டு நிக்கிறோம்."

புஷ்பத்தின் அலம்பின முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. தீர்ந்துபோயிற்று என்று அவள் நினைத்த பாத்திரத்தின் அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

பெட்டி ரீங்கரிக்கவில்லை, முழங்கியது. கம்பளி நழுவி விழ, காற்றாடி கண்ணுக்குத் தெரியாமல் சுழல, பெட்டியைப் பிடித்திருந்த ஆட்கள் அம்மாடி என்று கையை உதறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். சூடு அந்த அறையோடு நிற்கவில்லை. ஊற்றிலிருந்து ஊருக்கு வருகிற குழாய் மண்ணுக்குள் அதிர்ந்தது. தெருக்குழாயில் ஆவி சீறிற்று. லாரியில் ஏற்றிக் கயிறு கட்டியிருந்த பெட்டிகள், தண்ணீரும் கரண்டும் இல்லாமலே, அடைத்துவைத்த மாடுகள் மாதிரி முட்டி மோதின, கயிறு கருகி அறுந்தது. ஓட்டின் மேல் உறைந்திருந்த பனி ஒரே சமயத்தில் இளகி, ஊர் முழுக்க மழை மாதிரி கொட்டிற்று. நனைந்தவர்களுக்கு அது வெதுவெதுவென்று இருந்தது. நனைந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பங்காளிகளில் மூத்தவன், "ஏய், எவன்டா நம்ம பெட்டிய ஏத்தினது?" என்றான்.

மற்றவர்களுக்கெல்லாம் கோபம் இறங்கினதும் உடம்பு சில்லிட்டதே, செசிலிக்கு அப்படி ஆகவில்லை. எவ்வளவு கொடுத்தும் அவளிடம் மிச்சம் இருந்தது. அவள் வாசலிலேயே பலகையைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையின் சட்டையைக் கழற்றினாள்.

"ஏம்மா, இது கவர்மெண்டு சாமான்..." என்றார் மேற்பார்வையாளர். பற்கள் அடித்துக்கொண்டன. ஊரிலேயே குளிர் எடுத்தது அவருக்கு மட்டும்தான்.

"நில்லுங்க சார். பிள்ளைக்கு ஊத்திட்டுப் பேசுவோம். பெட்டி எங்க நிக்கணும்னு அப்புறமாச் சொல்றோம். அது எங்க ஊருக்குப் புது வரவு."

இஞ்ஞாசி ஓடிப்போய் ஒரு வாளி பிடித்து வந்தான். செசிலி முழங்கையை விட்டுப் பார்த்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அவள் தோல் சிவந்துவிட்டது. கலியாணமாகி வந்ததிலிருந்து ஊதக்காட்டில் அவள் சொல்லாத, யாருமே மார்கழி தையில் சொல்லியிராத ஒரு வார்த்தையை அவள் அப்போது சொன்னாள்.

"சுடுது. விளாவக் கொஞ்சம் பச்சத் தண்ணி கொண்டாங்க."

புஷ்பம் தன் வீட்டுக் குழாயைத் திறந்தாள், ஆவி. மிக்கேல் தெருக்குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டான். உபதேசியார் கோவில் தொட்டியில் கையை விட்டார், தீர்த்தம் கொதித்துக்கொண்டிருந்தது. வீடு வீடாகக் குடம் போய் வெறும் குடமாகத் திரும்பி வந்தது. ஊதக்காட்டில் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் இல்லை.

கடைசியில் எல்லாரும் ஒருவரைப் பார்த்தார்கள். புஷ்பம் குடத்தை அவர் கையில் திணித்தாள்.

"கீழ ஓடை இருக்கு சார். வழுக்கும், பாத்து இறங்குங்க. சீக்கிரம் வாங்க, பிள்ள வெத்து மேலோட இருக்கு."

மேற்பார்வையாளர் அவளைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், சிவந்த கண் ஒன்றுகூட இல்லாத அத்தனை முகங்களும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் நெஞ்சோடு அணைத்தபடி, பூண்டுக் காட்டு வழியே ஓடைக்கு இறங்கினார்.

ஆவிக்கு நடுவில் லிடியா கையைக் காலை உதைத்து, வாயைத் திறந்து, ஊர் அதிர அழுதாள். செசிலி அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். பூனைக்குட்டி இல்லை, பிள்ளை அழுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது. அவள் பிள்ளையை அமர்த்தவில்லை.

"அழு," என்றாள். "நல்லாக் கேக்கட்டும்."